மூத்த மருமகனுக்கு எடுக்காத ஸ்கேன்

இந்தக் காலத்தில் மூத்தவன் இளையவன் என்பதே கிடையாது. கல்யாண வீட்டில் வயசான ஆள் கை கழுவி வருவதற்குள் சின்னப்பயல்கள் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். சோறுதானே என்று விட்டால், ஆஸ்பத்திரியிலும் அதே கதை.

என் சகலை தங்கப்பாண்டியன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். நான் ராஜபாளையம். மாமனார் வீட்டில் நான்தான் மூத்த மருமகன். அங்கே கிடா வெட்டினால் ஈரல் முதலில் என் இலைக்குத்தான் வரும். மிச்சம்தான் அவனுக்கு.

இந்த வருசம் எனக்குக் கழுத்திலும் அவனுக்கு அக்குளிலும் நெறி கட்டியது. சதையை எடுத்துச் சோதித்துவிட்டு இரண்டுமே லிம்போமா, நெறியில் வருகிற புற்றுநோய் என்றார்கள். ஒரே வியாதி, ஒரே டாக்டர். ஆனால் எலும்பு மஜ்ஜையைப் பார்க்கிற ஸ்கேனுக்கு அவனை மட்டும் மதுரைக்கு அனுப்பினார்கள். அவன் மகன் போலீஸ். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

இடுப்பில் தைலம் தேய்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு, நொண்டியபடியே டாக்டர் பியூலாவிடம் போனேன்.

“எலும்பு வலி உசுரு போகுது டாக்டரம்மா. ராத்திரி வேர்த்து ஊத்துது. காய்ச்சலும் உண்டு.” சகலை தனக்கு இருப்பதாகச் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன்.

டாக்டர் கூட வந்திருந்த என் வீட்டுக்காரியைப் பார்த்தார். ஈஸ்வரிக்கு வாயில் எதுவும் நிற்காது.

“காலையில புல்லுக்கட்டு தூக்கிட்டு வந்தாக. ராத்திரி போர்வையை இழுத்து மூடிக்கிட்டு ஒரே கொறட்டை. வேர்வையக் காணோம்.”

“நீ செத்த சும்மா இருடி.”

டாக்டர் சிரிக்கவில்லை. “ஐயா, உங்க சகலைக்கு எழுதின ஸ்கேன் எல்லாருக்கும் வேண்டாம். அவங்களுக்கு ரத்த அணு குறையுது, இடுப்பெலும்பு வலிக்குது, காய்ச்சல் விடல. மஜ்ஜைக்குள்ள போயிருக்குமோன்னு சந்தேகம். உங்களுக்கு ரத்தம் நல்லா இருக்கு, கட்டியும் கழுத்தோட நிக்குது.”

“பாக்காமலே எப்படி இல்லேங்கீங்க?”

“சந்தேகம் வந்தா நானே அனுப்புவேன்.”

அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். தங்கப்பாண்டியன் கட்டிலில் படுத்திருந்தான். கொழுந்தியாள் அழகுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மஜ்ஜையிலயும் இருக்காம் மச்சான். மருந்தக் கூட்டணுமாம்” என்றாள்.

ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வயிறு எரிந்தது. அவன் எலும்புக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு?

“என்ன அண்ணாச்சி, வேணுமா?” என்றான் அவன். “ஈரலு ஒங்களுக்கு, எலும்பு எனக்கு. மாமனார் வீட்டு வழக்கந்தான.”

அழகுத்தாய் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் என் கையைப் பிடித்தான். “ஒங்களுக்கு வேண்டாம்னு சொல்லிட்டாகல்ல. அந்த ஒரு வார்த்தைக்கு இந்தப் படத்த நான் மாத்திக்கிடுவேன்.”

படத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது இடுப்பை அமுக்கிப் பார்த்தேன். வலி இல்லை. இன்னும் அழுத்தினேன். லேசாக வலித்த மாதிரி இருந்தது. பார்க்காமலே இல்லை என்றால் நம்பிவிட வேண்டுமா? அமுக்கிக்கொண்டே நடந்தேன்.