'நில்' கட்டளைக்கு ஒரு வாக்கு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் டுலூத் நகரில், ஒரு கணினி மொழியின் விதிகளைத் திருத்தும் குழுவில் நான் குறிப்பெழுதுபவன். குறிப்பேட்டில் முடிவுகள் ஏறும். மதியச் சாப்பாடு ஏறாது. கதையோ சாப்பாட்டு வரிசையில் நடந்தது.

2

முதல் வரி: 'பழையது எதையும் வெறுக்கும் ஓரின்...'

(அடித்துவிட்டேன். அவர் எதையும் வெறுப்பவர் அல்லர்.)

குழு உறுப்பினர் ஓரின் மூன்று ஆண்டு உழைத்து ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார்: புதிய பதிப்பிலிருந்து 'நில்' என்ற பழைய கட்டளையை நீக்குவது. அந்தக் கட்டளை வந்ததும் நிரல் நின்றுவிடும். யாராவது ஒரு விசையைத் தட்டினால்தான் மேலே ஓடும். இணையத்தில் கிடைத்த நாற்பது லட்சம் நிரல்களில் தேடினார். ஒன்றிலும் இல்லை. 'யாரும் பயன்படுத்துவதில்லை' என்று எழுதினார்.

அவர் கணக்கில் வராத மார்லிஸ், வடக்கே ஓர் அணையிலிருந்து நான்கு மணி நேரம் காரோட்டி வந்திருந்தார்.

3

"ஓரின்னா நீங்கதானா? என் நிரலுக்குக் குழி தோண்டறவரு?"

"ஆமாங்க. சூப்பை இப்படிக் குடுங்க, நான் பிடிச்சுக்கறேன். ஒரு கையில காகிதக் கட்டு, ஒரு கையில கிண்ணம், எப்படிச் சாப்பிடுவீங்க?"

(கடவுள் குறிப்பெடுத்தால் இந்தச் சூப் கிண்ணத்தை எழுதாமல் விடமாட்டார் என்று நம்புகிறேன்.)

"நான் தேடினப்ப உங்க நிரல் கிடைக்கலையே?"

"அணைக் கதவோட நிரலை எவன் இணையத்துல போடுவான்? திருடனுக்குச் சாவி குடுக்கவா?"

ஓரினுக்குக் காது சிவந்தது.

"மதகு திறக்கறதுக்கு முன்னாடி அது நிக்கும். நான் சன்னல் வழியா கீழ பார்ப்பேன். மீன் பிடிக்கறவங்க ஆத்துல நின்னா மைக்குல கத்துவேன். கரையேறினப்புறம்தான் தட்டுவேன்."

"அதையே வேற மாதிரி எழுதிக்கலாமே?"

"எழுதினவரு போய் இருபது வருஷமாச்சு. பழைய மெஷின் வசந்தம் வரைக்கும் தாங்காது. புது மெஷினுக்குப் புதுப் பதிப்புதானாம். அந்த ஒரு வரியை எடுத்துட்டா ஓடிடும்னு ஒப்பந்தக்காரர் சொல்றாரு. ஓடிடும்தான். தண்ணியும் ஓடிடும்."

காட்டரிசி சூப் ஆறிப்போனது. ஓரின் அவருடைய நிரல் அச்சிட்ட காகிதத்தை வாங்கி, அந்த வரியை விரலால் தேடிக்கொண்டிருந்தார்.

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் தீர்மானம் நிறைவேறுகிறது. ஓரின் அணைக்கே போய், மார்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நிரலைத் திருத்தித் தருகிறார். மற்றதில் தன் மூன்று ஆண்டு உழைப்பைத் தானே திரும்பப்...

இரண்டுமே அவரால் முடியும். சூப் கிண்ணம் பிடித்த கையை நான் பார்த்தேன்.

வாக்கெடுப்பில் ஆதரவு எட்டு, எதிர்ப்பு எட்டு. "ஓரின், உங்க கை எங்கப்பா?" என்று தலைவர் கேட்டார். எல்லோரும் திரும்பினார்கள். கடைசி நாற்காலியில் மார்லிஸ் மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தார்.

நடந்தது குறிப்பேட்டில் இருக்கிறது. இங்கே எழுதமாட்டேன். கதை நிற்கிறது, நீங்கள் தட்டினால்தான் மேலே ஓடும்.

தட்டும் முன் சன்னல் வழியாக ஒருமுறை கீழே பாருங்கள்.