உள்ளத்தில் எழுகின்றனவா?

கான்பூர் நயாகஞ்சில் மசாலாத் தரகர் வீட்டில் பிறந்தவன் நான். சரக்கைப் பார்க்காமல் விலை முடிக்கிறவனை எங்கள் தெருவில் மடையன் என்போம். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் பேராசிரியர் என்கிறார்கள்.

பேராசிரியர் அவஸ்தி, சாக நினைப்பவர்களைக் கண்டுபிடிக்கும் ஆங்கிலக் கேள்வித்தாள் ஒன்றை இந்திக்குக் கொண்டுவந்திருந்தார். ஒருவர் இந்தியாக்கினார், இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினார். இரண்டு ஆங்கிலமும் அச்சு அசலாகப் பொருந்தியதாம். இரண்டு தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து முடித்த வியாபாரம். நடுவில் கிடந்த இந்தியை யாரும் மோந்துகூடப் பார்க்கவில்லை. நோயாளிகளிடம் அதை வாசித்துக் கட்டத்தில் குறிப்பது என் வேலை. அச்சிட்டபடியே வாசிக்க வேண்டும். விளக்கக் கூடாது. புரியாத பதில் 'இல்லை' கணக்கு.

உன்னாவ் பக்கத்திலிருந்து சியாதுலாரி வந்தாள். புருஷன் வாசலில் நின்றான்.

"தற்கொலைசார் எண்ணங்கள் தங்கள் உள்ளத்தில் எழுகின்றனவா?" என்று வாசித்தேன்.

"எழுறதுக்கு மொதல்ல படுக்கணுமே தம்பி. தூங்கியே மாசமாச்சு."

'இல்லை' என்று குறித்தேன். மற்றக் கேள்விகளும் அப்படியே போயின. மொத்தம் பூஜ்யம். பூஜ்யம் என்றால் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

தாளைக் கவிழ்த்து வைத்தேன். "அக்கா, பகவான் எடுத்துக்கிட்டா தேவலைன்னு இருக்கா?"

நிமிர்ந்தாள். "தெனம் கேட்டேன். அந்தச் செவிடனுக்கு விழல. இனிமே அவனைக் கேக்கறதா இல்ல. சின்னவளை அம்மா வீட்டுல விட்டாச்சு. என் வளையலையும் அவ கையில போட்டுட்டேன்."

அவஸ்தியிடம் ஓடினேன். "சார், இந்தம்மாவை இன்னிக்கு அனுப்பாதீங்க."

"மார்க் எவ்வளவு?"

"பூஜ்யம். ஆனா பகவான் எடுத்துக்கணும்னு தெனம் கேட்டாங்களாம், இப்ப சின்னவளை..."

"அது பக்திடா. என் மாமியாரும் இருபது வருஷமா சொல்றா, நேத்து ஏழு கச்சோரி உள்ள தள்ளினா. தாளை விட நீ பெரியவனா? மசாலா விக்கிற பய!"

கடையில் தராசுத் தட்டை விரலால் அழுத்துவதில் நான் சின்ன வயதிலேயே கைதேர்ந்தவன். புதுத்தாள் எடுத்து, எல்லா வரியிலும் அதிக மார்க் உள்ள கட்டத்தைக் குறித்து நீட்டினேன்.

"முதல்ல நான்தான் தப்பாக் குறிச்சிட்டேன் சார்."

"அதானே! என் தாள் தப்புமா? உடனே வார்டுல சேத்துடு. கூடவே ஒரு நர்ஸைப் போடு, தனியா விடாதே."

மறுநாள் சியாதுலாரி தூங்கி எழுந்து, டீயில் சர்க்கரை பத்தவில்லை என்று நர்ஸோடு சண்டை போட்டாள்.

அந்தத் தாளைத்தான் அவஸ்தி இப்போது ஒவ்வொரு கருத்தரங்கிலும் திரையில் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறார்.