வீட்டில் சேராத அடுப்பு

2007ஆம் ஆண்டு ஜூலை 9, திங்கட்கிழமை. உத்தமபாளையத்தில் மெஹராஜின் அடுப்படி அவளுடைய வீட்டைச் சேர்ந்ததன்று என்று, அந்த வீட்டில் ஒருவாய் தண்ணீர்கூடக் குடித்தறியாத ஒருவர் முடிவு செய்தார்.

அவர் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர். பதினைந்து நாள்களுக்கு முன், குமுளி மலையிறங்கி வந்த ஆனிக்காற்று கொல்லையில் நின்ற வாகைமரத்தை வேரோடு சாய்த்திருந்தது. மரம் தகரக் கொட்டகையின்மேல் விழுந்தது. இரும்புக் கால்கள் மடங்கின. சிமெண்டுத் தளம் பிளந்தது. மூன்று பெரிய அடுப்புகளில் இரண்டு மண்ணாயின. கவிழ்த்து வைத்திருந்த பிரியாணி அண்டாக்கள், செம்புத் தேக்சாக்கள் இரண்டும் நசுங்கின. கணவர் இறந்தபின் ஒன்பது ஆண்டுகளாக அந்தக் கொட்டகையில் நின்றுதான் மெஹராஜ் கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கிக் கொடுத்தாள். மகள் ருக்சானாவை ஆசிரியர் பயிற்சிவரை படிக்க வைத்தாள். வரும் ஞாயிறு ஓடைப்பட்டியில் ஒரு நிக்காஹ். வாக்குக் கொடுத்தாயிற்று.

பாலிசியை அவள் தலையில் கட்டியவன் பக்கத்து வீட்டுச் சாலமன். “வீடு, வீட்டுக்குள்ள, வீட்டுக்கு வெளிய, எல்லாத்துக்கும் கம்பெனி பொறுப்புக்கா. நீங்க காலை நீட்டித் தூங்குங்க” என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் சொன்ன அதே வாய், இன்று சர்வேயரின் முதுகுக்குப் பின்னால் பூட்டுப் போட்டதுபோல் இருந்தது.

சர்வேயர் பின்வாசலிலிருந்து கொட்டகைவரை நாடாவை இழுத்தார். பதினோரு அடி.

“வீடுன்னா நாலு சுவர், கூரை, கதவு. இது ஓபன் ஏரியா. பாலிசியில வராதும்மா.”

“தேக்சா பாத்திரந்தான சார்? வீட்டுச் சாமானுக்கும் உண்டுன்னு எழுதியிருக்குல்ல?”

“வீட்டுக்குள்ள இருந்திருந்தா உண்டு.”

“எங்க வாசல் நிலை ரெண்டரை அடி. தேக்சா மூணேகால் அடி. எப்படியாச்சும் உள்ள தூக்கிட்டுப் போயி, கட்டில்ல படுக்க வச்சுப் போர்வை போத்தியிருக்கணுங்கிறீகளா?”

ருக்சானா சிரித்துவிட்டாள். சர்வேயர் சிரிக்கவில்லை. அவர் குனிந்து, நசுங்கிய தேக்சா ஒன்றின் விளிம்பில் வெட்டியிருந்த எழுத்துகளைப் படித்தார். “மா. இத்ரீஸ், மார்க்கையன்கோட்டை. யாரும்மா இது?”

“எங்கண்ணன். என் கல்யாணத்துக்குச் சீர் குடுத்தாக.”

“அப்ப இது அவர் பொருள்.”

கம்பத்திலிருந்து தேனிவரை எந்த வீட்டிலும் புகுந்து பாருங்கள். சீர்ப் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயர் இருக்குமேயன்றி, பெற்றவள் பெயர் இராது. பெயர் வெட்டியவரே உரிமையாளர் எனில், இந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பெண்ணுக்கும் சொந்தமாக ஒரு தம்ளர்கூடக் கிடையாது. அந்தச் சர்வேயர் அன்று காலை காபி குடித்த தம்ளரிலும் அவருடைய மாமனார் பெயர்தான் இருந்திருக்கும். ஆயினும், வீட்டில் அறிந்ததை அலுவலகத்தில் அறியாதிருப்பதற்கே இத்தகையோர் சம்பளம் பெறுகின்றனர்.

“இது தங்கச்சிக்குக் குடுத்த பொருள்னு அவர் கைப்பட எழுதி வாங்கிட்டு வாங்க. தேக்சாவுக்கு மட்டும் ஏதாச்சும் பாக்கலாம்” என்றபடி அவர் வண்டியேறினார்.

“ஒரு கையெழுத்துதானக்கா” என்றான் சாலமன். இத்ரீஸ் ஒன்பது ஆண்டுகளாகத் தங்கையுடன் பேசுவதில்லை என்பது தெருவுக்கே தெரியும், அவனுக்கும் தெரியும்.

மறுநாள் மெஹராஜ் பேருந்தேறி மார்க்கையன்கோட்டைக்குப் போனாள். இத்ரீஸ் அவளை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். அவள் நீட்டிய வெற்றுத்தாளை வாங்கி வைத்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியையும் கழற்றினார்.

“எழுதித் தர்றேன். ஆனா மெஹராஜு, கம்பெனிக்காரன் காசு தந்ததும் அடுப்ப மூடிறணும். கூலிக்குக் கரண்டி பிடிச்சு, பெத்த அத்தா பேரைக் கெடுத்தது போதும்.”

“நான் ஆக்குன சோத்தத் தின்னுட்டு அத்தா பேரு கெட்டதா யாரும் சொல்லலையேண்ணே.”

“இந்த வாய்தான் ஒன்னய அடுப்படியில கொண்டாந்து நிறுத்துச்சு.”

“இல்லண்ணே. பசி நிறுத்துச்சு. அப்ப அங்கன யாரும் எட்டிப் பாக்கல.”

பேனாமுனை தாளுக்குமேல் நின்றது. அடுப்பு வீட்டைச் சேர்ந்ததன்று என்கிறான் நாடா பிடித்தவன். வீட்டில் அடுப்பே இருக்கக் கூடாது என்கிறார் சீர் கொடுத்தவர். இருவரும் சொல்வது ஒன்றே என்று மெஹராஜுக்குத் தோன்றியது. ஒருவர் அதை முத்திரையோடு சொல்கிறார், மற்றவர் உறவோடு சொல்கிறார், அவ்வளவே. அவள் தாளை அண்ணனின் விரலுக்கடியிலிருந்து மெல்ல உருவி, நான்காக மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பினாள்.

வியாழக்கிழமை, பாத்திரக்கடையில் பெயர் வெட்டும் கருத்தக்கண்ணன், கூரையற்ற கொல்லையில் உட்கார்ந்து, தேக்சா ஒன்றின் நெளிவைத் தட்டி எடுத்து முடித்தார்.

“இத ஈயம் பூசி ஓட்டிரலாம்மா. இன்னொன்ன உருக்கத்தான் போடணும்.”

“உளி கொண்டாந்திருக்கீகளாண்ணே?”

“அண்ணன் பேர அழிக்கணுமா? செம்பு மெலிஞ்சு போகுமேம்மா.”

“அழிக்க வேணாம். குடுத்தது குடுத்ததுதான். அதுக்குக் கீழ என் பேர வெட்டுங்க.”

“வாங்குனவக பேர யாரும் வெட்டுறதில்லையே.”

“வாங்குனவ பேரா வெட்டாதீக. ஆக்குறவ பேரா வெட்டுங்க.”

சுவருக்கு மேலே சாலமனின் தலை தெரிந்தது. “அக்கா, பேர மாத்துனா கிளெய்ம் கெட்டுப்போயிரும்!”

“ஏலே சாலமன், கெட்டுப்போறதுக்கு அது என்னைக்கு நல்லாருந்துச்சு?”

கருத்தக்கண்ணன் உளியை ஊன்றினார். புள்ளி புள்ளியாக ஒரு மகரம் எழுந்தது. ருக்சானா தேக்சாவை அசையாமல் பிடித்துக்கொண்டாள். எஞ்சிய ஒற்றை அடுப்பில் மெஹராஜ் தீ மூட்டினாள். காற்று புகையை வளைத்து அவள் முகத்திலேயே வீசியது. அவள் விலகவில்லை.

ஓடைப்பட்டிப் பந்தியில் அமரப்போகும் பெரியோர்களே, இதைப் படிக்கும் நீங்களும்தாம்: சோற்றுக்குக் கை நீட்டுமுன் எழுந்து பின்கட்டுக்குச் செல்லுங்கள். சூடு ஆறாத தேக்சாவின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். இரண்டாவது பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டு வந்து உட்காருங்கள்.