ஒன்பதுக்குப் பூஜ்யம்

நன்றாகப் பந்து வீசத் தெரிந்தவர்கள் எல்லோரும் போருக்குக் கப்பலேறிவிட்டதால்தான், ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஆர்வில் ஸ்ட்ரவுட்டுக்கு நாற்பத்து நாலு வயதில் மேரிடன் பேஸ்பால் அணியில் இடம் கிடைத்தது. இளமையில் சம்பளத்துக்கு ஆடியிருக்கிறார். பேஸ்பாலில் வெற்றி தோல்வியைப் பந்துவீச்சாளர் பெயரில்தான் எழுதுவார்கள்; ஆனால் ஒரு ஆட்டம்கூட அவர் வென்றதாக எழுதப்படவில்லை. அது அவர் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

இன்று அந்தக் கல் இறங்க வேண்டிய நாள். கடைசி இன்னிங்ஸ். மேரிடன் இருபத்தெட்டு ரன், எதிரணி இருபத்தேழு. இன்னும் ஒரே ஒருவனை அவுட்டாக்கினால் போதும்.

அந்த இருபத்தேழையும் அள்ளிக் கொடுத்தவர் ஆர்வில்தான். நடுவில் தோள் கழன்று விழும்போல் இருக்கவே மேனேஜர் ஹோக்கிடம் போய் நின்றார்.

"உன்னை எடுத்துட்டு யாரைய்யா போடறது? டிக்கெட் கிழிக்கிறவனையா?" என்றார் ஹோக். "போ, போய் வீசு!"

எதிரணியின் நிலைமையும் இதே லட்சணம்தான். அவர்களுடைய பந்துவீச்சாளரை ராணுவமே வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தது. அவர் வீசியதைப் பார்த்தால் ராணுவம் செய்தது சரிதான் என்று தோன்றும்.

இப்படி ஆளாளுக்கு விளாசினால் பந்து எங்கே மிஞ்சும்? முன்பெல்லாம் கூட்டத்தில் விழும் பந்தைப் பிடித்தவர் பையில் போட்டுக்கொள்வார். போர் வந்ததிலிருந்து, சிப்பாய்கள் ஆடுவதற்கென்று அதை வாசலில் இருக்கும் பச்சைப் பெட்டியில் போட்டுவிடுவது வழக்கம். மேரிடன்காரர்களுக்குத் தேசபக்தி அதிகம். மதியத்திலிருந்து ஓடி ஓடிப் போட்டார்கள், கைதட்டு வாங்கினார்கள்.

அம்பயர் பந்துப் பையைக் கவிழ்த்து உதறினார். ஒன்றே ஒன்று விழுந்தது. தையல் விட்டு, அவித்த உருளைக்கிழங்குபோல் இருந்தது.

"இதுதான் கடைசி!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினார். "சொந்த ஊர் அணிதான் பந்து தரணும். இதுவும் போச்சுன்னா ஆட்டம் எதிரணிக்கு!"

ஹோக் பெட்டிக்குப் பாய்ந்தார். காவலுக்கு நின்ற சிப்பாய் அசையவில்லை.

"ஒண்ணே ஒண்ணு குடுப்பா தம்பி!"

"சாவி முகாம்ல இருக்கு சார். உள்ள போனது போனதுதான்."

எதிரணி மேனேஜர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

ஆர்வில் உருளைக்கிழங்கை வீசினார். மட்டையில் பட்டு, செங்குத்தாக எழும்பி, பின்பக்கமாகக் கூட்டத்துக்குள் இறங்கியது. பின்பக்கம் போனால் ரன்னும் இல்லை, அவுட்டும் இல்லை; மறுபடி வீச வேண்டியதுதான். நாலாவது வரிசையில் ஒரு பெண்மணி தொப்பியைக் கழற்றி நீட்டினாள். பந்து அதற்குள் சமர்த்தாக விழுந்தது.

ஆர்விலுக்கு உயிர் வந்தது. அது அவர் மனைவி வெர்னா!

"வெர்னா! தூக்கிப் போடு!"

"போடும்மா! போடு!" என்று அரங்கமே அலறியது.

வெர்னா பந்தைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். பிறகு படியிறங்கி வாசலுக்கு நடந்து, பச்சைப் பெட்டியில் டொக்கென்று போட்டாள். சிப்பாய் சல்யூட் அடித்தான்.

சட்டப்படி, பாதியில் பறிபோன ஆட்டத்தை ஒன்பதுக்குப் பூஜ்யம் என்றுதான் எழுத வேண்டும். ஏன் ஒன்பது என்று அம்பயருக்கே தெரியாது. ஐம்பத்தைந்து ரன்னும் ஓடியவர்கள் காலோடு போயிற்று. முன்னிலையில் இருந்தபோது பறிபோனதால், தோற்ற பந்துவீச்சாளர் என்றுகூட ஆர்வில் பெயரை எழுதவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் ரொட்டி வண்டியின் கியரோடு சண்டை போட்டார். பொறுக்க முடியாமல் கடைசியில் கேட்டே விட்டார்.

"அதுதான் கடைசிப் பந்துன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டி?"

வெர்னா மடியிலிருந்த தொப்பியின் பள்ளத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அவர்கள் மகன் டேல் பசிபிக்கில் எந்தத் தீவில் இருக்கிறான் என்பது யாருக்கும் தெரியாது. வசந்த காலத்திலிருந்து அவனிடமிருந்து கடிதமே வரவில்லை.

"இங்க எத்தனை பந்து மிச்சம்னு அம்பயர் கத்திச் சொன்னார்," என்றாள். "டேல் இருக்கிற இடத்துல எத்தனை இருக்குன்னு யார் சொன்னா?"

ஆர்வில் வண்டியை ஓரமாக நிறுத்தினார். வலிக்கிற கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது தையல் விட்ட பந்து, வெர்னா," என்றார்.

"பரவாயில்ல. அவன் தைச்சுக்குவான்."