சான் எலோய் சலவைக்கூடம்

1889ஆம் ஆண்டு, சான் எலோய் நகரசபை பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்க தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது: இனி ஆற்றில் யாரும் துணி துவைக்கக் கூடாது. கரையில் உலாவும் சீமாட்டிகளுக்கு அது கண்ணை உறுத்தியதாம். பதிலுக்குப் பளிங்குத் தொட்டிகளோடு சலவைக்கூடம் கட்டினார்கள். பேராயர் புனித நீர் தெளித்தார், பேண்டு முழங்கியது.

ஆற்றுச் சலவையில் பிழைத்த எடுவிகிஸ், அழுக்கு மூட்டையோடு வந்து குழாயைத் திருகினாள். காற்றுகூட வரவில்லை.

“தண்ணி எங்கேங்க, டோன் இலாரியோன்?” என்று அங்கே நின்ற நகரசபை உறுப்பினரைக் கேட்டாள்.

“அது அடுத்த வருஷத் தீர்மானம். ஊர் வளருதும்மா, பொறுத்துக்கணும்.”

“வளரட்டும் ஐயா. உங்க அழுக்கும் கூடவே வளருதே.”

மூட்டையிலிருந்த அவருடைய சட்டைகளைத் துவைக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு, இறைச்சியை உப்பிட்டு உலர்த்தும் உப்புக்கண்ட ஆலைக்கு வேலை கேட்டுப் போனாள்.

இன்றுவரை அந்தத் தொட்டிகள் கண்ட தண்ணீர், பேராயர் தெளித்தது மட்டும்தான்.