வயிற்றெரிச்சலில் விளைந்த நாற்காலிகள்

நாற்காலித் தொழிற்சாலையின் முதலாளியம்மாவை யாராவது மனதார வெறுத்தால் அவளுடைய நிழல் நாற்காலியாக விழும். சும்மா பேச்சுக்குத் திட்டினால் விழாது. பல்லைக் கடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து, இவள் எப்போது ஒழிவாள் என்று எவனாவது நினைக்க வேண்டும். நினைத்த மாத்திரத்தில் அவள் காலடியில் கிடக்கும் நிழலுக்கு நான்கு கால் முளைக்கும், முதுகு வளையும், சில சமயம் கைப்பிடியும் வரும். அது கடைகளில் ஏற்கெனவே இருக்கிற நாற்காலியாக இருக்காது, உலகத்தில் அதுவரை யாரும் உட்கார்ந்திராத புது நாற்காலியாக இருக்கும். மேஸ்திரி சாக்பீஸோடு ஓடி வந்து தரையில் அதைச் சுற்றி வரைவார், பட்டறை ஆட்கள் அந்தக் கோட்டைப் பார்த்து மரம் அறுப்பார்கள், அடுத்த மாதம் அது கடைக்குப் போகும். மழைக்காலத்தில் மரம் ஊதும், கோடையில் பசை சீக்கிரம் காயும், முதலாளியம்மாவின் நிழல் அவ்வப்போது நாற்காலியாகும். அங்கே வேலை செய்தவர்கள் மூன்றையும் ஒன்றுபோலத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஏன் ஆகிறது என்பது மட்டும் வெகுகாலம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் அதைக் கண்டுகொண்டது அப்பா இறந்த வாரத்தில். மனிதர் போகிற நேரத்தில் தொழிற்சாலைச் சாவிக்கொத்தை மகனிடம் கொடுக்காமல் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார். தம்பி அந்தச் சாவிக்காகவே வளர்ந்தவன், அப்பாவைப் போல நடக்கக்கூடப் பழகி வைத்திருந்தான். அவன் ஆபீஸ் அறை வாசலில் நின்று, "நீ நல்லாவே இருக்க மாட்டக்கா" என்றான். அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் குனிந்தாள். தரையில் அவள் நிழல் இருக்க வேண்டிய இடத்தில் சாய்ந்த முதுகோடு ஒரு நாற்காலி கிடந்தது. விளக்கை நகர்த்திப் பார்த்தாள், அதுவும் கூடவே நகர்ந்தது. உள்ளங்கால் இரண்டும் ஈரத் துணியை மிதித்தது போலச் சில்லிட்டன. தம்பி கதவை அறைந்து சாத்திவிட்டுப் போன பிறகு அது மெல்ல மெல்லப் பழையபடி ஒரு குள்ளமான பெண்ணாகிவிட்டது. அதற்குள் அவள் மேஜைமேல் கிடந்த சாக்பீஸை எடுத்துக் கோடு போட்டிருந்தாள். அந்த நாற்காலிதான் பிற்பாடு டாக்டர்களின் வரவேற்பறைகளில் எல்லாம் போய் உட்கார்ந்தது. அழ வேண்டிய நேரத்தில் சாக்பீஸைத் தேடியவள் அவள். அப்பா ஆள் பார்த்துத்தான் சாவி கொடுத்திருக்கிறார்.

தொழிலதிபர்கள் சங்கத்தில் அவளை மேடையேற்றி, உங்களுக்கு மட்டும் எப்படி இப்படிப் புதிது புதிதாகத் தோன்றுகிறது, தோன்றியதும் அது நல்ல யோசனைதான் என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள் என்று கேட்டார்கள். விடியற்காலையில் தனியாக நடந்தால் மனம் தெளியும், தெளிந்த மனதில் வருவதெல்லாம் நல்லதாகவே இருக்கும் என்று வாய் கூசாமல் சொன்னாள். குழாய்க் கம்பெனிக்காரரும் பிஸ்கட் கம்பெனிக்காரரும் அதை நம்பி விடியற்காலையில் நடந்தார்கள். இருவருக்கும் தொப்பை கரைந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. அவளோ வெயிலேறி எழுந்து, இன்று யார் வயிற்றில் நெருப்பை அள்ளிப் போடலாம் என்ற யோசனையோடு பல் துலக்கிக்கொண்டிருந்தாள். மின்விசிறிகளை உச்சி வெயில் நேரத்தில் அணைத்தாள். கல்யாணத்துக்கு லீவு கேட்டவனிடம், பெண் வீட்டார் உன்னை நேரில் பார்த்தார்களா என்று கேட்டாள். தொழிலாளிகள் அவளுக்கு முசுடு என்று பெயர் வைத்துக் கரித்துக் கொட்டினார்கள். ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்கிறவனின் வெறுப்பில் முக்காலிக்கு மேல் எதுவும் வரவில்லை. மேஸ்திரியின் வெறுப்பில் ஒரு தடவை பெஞ்சு வந்தது, அதுவும் முதுகில்லாத பெஞ்சு. கூடப் பிறந்தவனின் வெறுப்புதான் தேக்கு, மற்றதெல்லாம் பெட்டி அடிக்கிற பலகை என்று அவள் சீக்கிரமே கணக்குப் போட்டுவிட்டாள்.

அதனால் தம்பியைத் தொழிற்சாலையை விட்டுப் போக விடவில்லை. பெரிய பதவி கொடுத்து, கழிப்பறைக்கு எதிரே ஜன்னல் இல்லாத அறை கொடுத்தாள். நாற்காலி செய்கிற இடத்தில் அவனுக்கு மட்டும் கால் ஆடுகிற நாற்காலி. அவன் கொண்டுவந்த ஆர்டரை அவன் கண் முன்னாலேயே இன்னொருவனுக்குப் பாராட்டாகக் கொடுப்பாள். அவன் செய்யாத தப்புக்கு ஆட்களைக் கூட்டி வைத்து மன்னிப்பாள். மன்னிக்கப்பட்ட நாள்களில்தான் கைப்பிடி வைத்த நாற்காலிகள் வந்தன. மடக்கு நாற்காலி, முடிவெட்டுகிற கடைக்கான சுழல் நாற்காலி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான சின்ன நாற்காலி என்று எத்தனையோ, எல்லாம் அவன் வயிற்றெரிச்சலில் விளைந்தவை. இதில் வேடிக்கை, அவனை அவள் ஒரு நாளும் வெறுத்ததில்லை. பிழிந்தாள், அவ்வளவுதான். எலுமிச்சம்பழத்தை யாராவது வெறுப்பார்களா? அவன் ஏன் போகாமல் கிடந்தான் என்றால், என்றைக்காவது இவள் சரிவாள், சரிகிற அன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசையில்தான். அந்த ஆசையோடு அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள், முன்தலையில் வழுக்கையும் விழுந்தது.

ஒரு மதியம் ஏதோ சண்டைக்காக அவன் அவள் அறைக்கு வந்தான். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால், அவள் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், மேஜை விளக்கை இப்படியும் அப்படியும் திருப்பித் தன் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் இல்லை. தலை நரைத்திருந்தது. வந்த சண்டை அவனுக்கு மறந்துவிட்டது. மறுநாள் கடைக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தபோது அவள் வழக்கம்போல, "இவனுக்கு மூளை வைக்க மறந்துட்டாங்க, நான்தான் இவன வெச்சுச் சமாளிக்கிறேன்" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வைத்தான். சாக்பீஸோடு தயாராக நின்ற மேஸ்திரி தரையைப் பார்த்தார். குள்ளமான பெண் ஒருத்திதான் அங்கே விழுந்து கிடந்தாள். எல்லோரும் போன பிறகு அவள் அவனைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"என்னடா, உனக்கு ரோஷமே வரலையா?"

"வரலக்கா. உன்னப் பாத்தா பாவமா இருக்கு."

அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரே சாபம் விட்டபோது கல்லாக நின்றவளுக்கு அந்த ஒரு வார்த்தை தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அவனை மறுபடியும் எரிய வைக்க அவள் படாத பாடு பட்டாள். பிள்ளைகளைக் குறை சொன்னாள், பெண்டாட்டி சமையலைக் குறை சொன்னாள், வழுக்கையைச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் அவன், அக்காவுக்கு உடம்புக்கு முடியலை போல என்று கவலைப்பட்டான். நிழல் நிழலாகவே கிடந்தது. வருஷம் ஒன்று போயிற்று, இன்னொன்றும் போயிற்று. புது நாற்காலி ஒன்றுகூட வராத கம்பெனியின் பழைய நாற்காலிகளைப் போட்டிக்காரர்கள் அப்படியே காப்பியடித்தார்கள். வார்னிஷ் கொட்டகையை மூடினார்கள், பிறகு மெத்தை தைக்கிற பகுதியை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மிச்சமிருந்தவர்கள் அவளைப் பார்த்தாலே பல்லைக் காட்டினார்கள். பயந்தவனுக்கு வெறுக்க ஏது தெம்பு? முக்காலிகூட வரவில்லை.

இத்தனை காலம் கோடு வரைந்த மேஸ்திரிக்குக் காரணம் புரியாமல் இருக்குமா? அவர் சாப்பாட்டு நேரத்தில் ஆட்களை முற்றத்தில் கூட்டி, விஷயத்தை உடைத்து, கம்பெனி பிழைக்க வேண்டுமானால் ஆளுக்கொரு தடவை முதலாளியம்மாவை மனதார வெறுத்தே ஆக வேண்டும் என்றார். அவளும் வந்து வெயிலில் நடுவில் நின்றுகொண்டாள். ஒருவன் முன்னால் வந்து, "நீங்க நாசமாப் போகணும் மேடம்" என்றான். இன்னொருவன் கையைக் கட்டிக்கொண்டு, "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்துத் திட்டினான். அறுப்பு மெஷின்காரர் திட்ட ஆரம்பித்து, மகள் படிப்புக்கு அவள் என்றோ செய்த உதவி ஞாபகம் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். கடைசியில் ஒரு கால் குட்டையாக ஒரு மணை வந்தது. பூனை உட்கார்ந்தால்கூடச் சாய்ந்துவிடும். அவள், "தண்டச் சோறுங்களா, திட்டக்கூடத் துப்பில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அது மட்டும்தான் அன்றைக்கு மனதாரச் சொல்லப்பட்ட வசவு.

அந்தச் சமயத்தில்தான் ரயில் நிலையங்களுக்கு நாற்காலி வாங்குகிற அதிகாரிகள் வருவதாகச் சொன்னார்கள். புது மாதிரி ஏதாவது காட்டினால் ஆர்டர், இல்லையென்றால் கதவுக்குப் பூட்டு. இதில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை, கேட் காவலாளிக்குக்கூடத் தெரிந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அவள் பட்டறையில் அறுபடாமல் கிடந்த பலகைகளுக்கு நடுவே நின்றாள். மேற்கு ஜன்னல் வழியே வெயில் நீளமாக விழுந்துகொண்டிருந்தது. தம்பி டீயோடு வந்தான். டீயை அவள் கையில் கொடுத்து, அவள் தோளில் கை வைத்து, "போதும்கா. மூடிடலாம். நான் உன்னப் பாத்துக்கறேன்" என்றான். பாத்துக்கறேன்! சாவிக்கு ஏங்கி அழுத பயல், அவள் கொடுத்த ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து வயசானவன், அவளைப் பார்த்துக்கொள்கிறானாம். அந்தக் கை இருந்த இடம் தோளில் கொதித்தது. ஆயுளில் முதல் தடவையாக அவள் அவனை வெறுத்தாள். கொஞ்சநஞ்சமாக இல்லை, அவனுடைய இருபது வருஷ வெறுப்பையும் ஒரே மூச்சில் வட்டியோடு திருப்பித் தருவது போல வெறுத்தாள்.

தரையில் நாற்காலி விழுந்தது. அவள் வாழ்க்கையில் கண்டதிலேயே அழகான நாற்காலி. ஒன்றோடொன்று கைகோர்த்து வரிசையாக நிற்கும்படி பக்கவாட்டில் வளைவு, எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் இடுப்பு நோகாத சாய்வு. வந்துவிட்டது, மறுபடியும் எனக்கு வந்துவிட்டது என்று அவள் கையை உயர்த்தினாள். நாற்காலி அசையவில்லை. பக்கத்தில் ஒரு குள்ளமான பெண் கையைத் தூக்கினாள். அப்போதுதான் அந்த நாற்காலி தம்பியின் காலிலிருந்து நீண்டு கிடப்பதைப் பார்த்தாள். உள்ளங்காலில் சில்லிப்பும் இல்லை. இந்த நேரம் பார்த்து அவன்தான், "இந்த சிமென்ட் தரை ஏன் இப்படிக் குளிருது" என்று செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஜன்னலைச் சாத்தினால் போதும், யாருக்கும் தெரியாது. கம்பெனி போகும், ஆனால் அவளோடு போகும். கடைசிவரை அவள்தான் முதலாளி. அவள் ஜன்னல் வரைக்கும் போகவும் போனாள், கொக்கியில் கையும் வைத்தாள். இத்தனை வருஷம் எவன் வயிறு எரிந்தாலும் நல்ல நாற்காலியைக் கண்டால் விட்டுவைக்காத கண் அது, பாழாய்ப்போன கண் மறுபடியும் தரைக்கே திரும்பியது. டீயைப் பலகைமேல் வைத்துவிட்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டு, தம்பியின் காலடியில் மண்டியிட்டாள்.

"என்னக்கா பண்ற?"

"அசையாதடா நாயே."

அவன் காலடியில் குனியக் குனிய அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வெடித்த வேகத்தில், வரைந்துகொண்டிருக்கும்போதே நாற்காலிக்குக் கைப்பிடி இரண்டும் முளைத்தன. அதையும் சேர்த்து வரைந்தாள்.

ரயில் நிலையங்கள் எல்லாவற்றிலும் அந்த நாற்காலி வந்தது, மூடிய பகுதிகள் திறந்தன, சாவிக்கொத்து கை மாறியது. அவளே அவன் மேஜைமேல் அதை விட்டெறிந்தாள். விட்டெறிந்துவிட்டு வீட்டில் போய் உட்காரவில்லை. அவள் வராவிட்டால் வேலை நடக்காது, அது அவளுக்கு நன்றாகவே தெரியும். சங்கு ஊதுவதற்கு முன்பே வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்து, லீவு போடாமல் அவனை வெறுத்தாள். அவனோ அவளுக்கு ஏ.சி. வைத்தான், பிறந்தநாளுக்குச் சால்வை போர்த்தினான், கூட்டங்களில், எல்லாம் அக்காதான் என்று சொல்லிக் கைதட்ட வைத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாற்காலி வந்தது. அன்பில் செய்கிறானா, தொழிலுக்காகச் செய்கிறானா என்பது அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பிடிபடாதது அவளை இன்னும் எரித்தது, கம்பெனிக்கு அதுவும் நல்லதாகவே போயிற்று.

வயதாகி அவள் ஆஸ்பத்திரியில் படுத்தபோது தம்பி கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கிடந்தான். வழுக்கை முழுசாகியிருந்தது, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான், மருந்துச் சீட்டைக் கண்ணருகே வைத்துத் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. வெறுப்பைத் தேடினாள், கிடைக்கவில்லை. பதறிப்போய்த் தரையைப் பார்த்தாள். ஜன்னல் வெயிலில் ஒரு கிழவனின் நிழல்தான் கூன்போட்டுக் கிடந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்ற மேஸ்திரியும் அதைப் பார்த்துவிட்டுச் சாக்பீஸைப் பைக்குள் வைக்கப் போனார். அவருக்குப் பின்னால் பட்டறையை நம்பிய முந்நூறு குடும்பம் நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

"டேய், ஏதாவது ஆறுதலா சொல்லித் தொலைடா" என்றாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தான். "உனக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. நான் பாத்துக்கறேன்."

அவள் பல்லைக் கடித்தாள். மேஸ்திரி முட்டி வலிக்கக் குனிந்து வரைய ஆரம்பித்தார். காய்ச்சல் பார்க்க வந்த நர்ஸ், கோடு அழியாமல் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனாள்.