ஸ்பேனர் சொன்ன ஃபில்டர்

"ஃபில்டரா, இன்டேக்கா? சனிக்கிழமை கடையில வண்டிய விடுறேன். அதுக்குள்ள சொல்லிடு மச்சான். உன் வாயால சொல்லாம ஒரு போல்ட்டைக்கூட கழட்ட விடமாட்டேன்."

போன் குழுவில் 'கூரியர்' என்று பெயர் வைத்திருப்பவன் அனுப்பிய குரல் பதிவை அவள் இரண்டு முறை கேட்டாள். மதியம் ஒன்றரை மணி. லிஃப்ட் இருக்கும் அலுவலகக் கட்டடத்தில் யாரும் கால் வைக்காத மாடிப்படி, மடியில் சாப்பாட்டு டப்பா. சாப்பாட்டு அறையில் நாற்காலிக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அவள் போய் உட்கார்ந்ததும் பேச்சு ஒரு நொடி நின்று, பிறகு மெதுவான குரலில் தொடரும். இரண்டு வருடமாகியும் அங்கே அவளுக்குப் பெயர் 'புதுப்பொண்ணு'தான்.

படித்தது மெக்கானிக்கல். வகுப்பில் அறுபது பையன்கள், அவள் ஒருத்தி. வீட்டில் முதல் பட்டம் என்பதால் அப்பா அசல் சான்றிதழையே கொண்டுபோய் லேமினேஷன் போட்டுவிட்டார். இனி எந்த அலுவலகத்திலும் அதன் முதுகில் முத்திரை குத்த முடியாது. அந்தப் பட்டத்தை வைத்துக் கிடைத்த வேலை, வாகனக் காப்பீட்டு நிறுவனத்தில் ஒரு ஹெட்செட்டும் நாற்காலியும். வண்டி உடைந்தவன் போன் செய்வான். அவன் கோப்பைப் படித்துப் பார்த்து, 'உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது' என்று பணிவாகச் சொல்ல வேண்டும். அவன் திட்டுவான். "திட்டு முடிஞ்சதும் வேற ஏதாவது உதவி வேணுமான்னு கேளு" என்று மேனேஜர் சொல்லிக்கொடுத்திருந்தார். அம்மா போனில் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "ஏசி ரூம்தானே? அப்புறம் என்ன கஷ்டம்?"

அவள் படித்த படிப்பு உயிரோடு இருந்த ஒரே இடம், பழைய கார் வைத்திருப்பவர்களின் போன் குழு. நானூறு பேர். சேர்ந்த அன்று முகப்புப் படமாக ஒரு ஸ்பேனரை வைத்தாள், அதனால் 'ஸ்பேனர்' ஆனாள். "வாங்க ஸ்பேனர் அண்ணே" என்றது முதல் செய்தி. 'நான் அண்ணே இல்லை' என்று அடிக்கத் தொடங்கும்போது எவனோ கிளட்ச் வழுக்குகிறது என்று அலறினான். முதலில் அவனுக்குப் பதில் சொன்னாள். அப்புறம் இன்னொருவனுக்கு. பத்து தடவை பேசிய ஆளிடம் பதினோராவது தடவை பெயர் கேட்பது எப்படியோ, அப்படி ஆகிவிட்டது. எல்லாரும் குரலில் பேசுவார்கள், அவள் மட்டும் எழுத்தில் அடிப்பாள். "அண்ணனுக்குத் தொண்டை கட்டி ரெண்டு வருஷமாச்சு, யாராவது மிளகுப்பால் குடுங்கப்பா" என்று கிண்டல் வேறு.

பொய் சொல்லவில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஆனால் கூரியர் ஒருமுறை, "வீட்ல பொண்ணு பாக்குறாங்களா மச்சான்?" என்று கேட்டபோது சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினாளே, அது பொய்தான்.

கூரியர் சொந்த காரில் பார்சல் கொண்டுபோகிறவன். மதியம் எங்காவது ஓரம் கட்டிச் சாப்பிடும்போது அவளுக்குத் தனியாக அனுப்புவான். முதலில் பிரேக், பெல்ட், பேட்டரி. பிறகு அவன் முழங்கால் வலி. பிறகு மனைவி கோபித்துக்கொண்டு போனது. "வண்டிக்குள்ளயே உக்காந்து அழுதேன் மச்சான். கேவலமா இருக்கு" என்றான் ஒருநாள். "கண்ணாடிய ஏத்திட்டு அழு, ஏசி வேஸ்ட் ஆகாது" என்று அவள் அடித்தாள். அவன் அழுதுகொண்டே சிரித்த சத்தம் அடுத்த பதிவில் வந்தது. மனைவி திரும்பி வந்ததையும் முதலில் மச்சானிடம்தான் சொன்னான். ஒரு நாளில் அவளிடம் 'சாப்டியா' என்று கேட்கும் ஒரே ஆள் அவன். அதற்காகவே அவள் ஒன்றரை மணிவரை பசியோடு இருப்பாள்.

இப்போது மூன்று வாரமாக இந்தச் சண்டை. பார்சல் நிறைய ஏற்றினால் கார் திணறுகிறது. காற்று கூடுதலாகப் போனால் இழுப்பு கூடும் என்று யாரோ அவன் காதில் ஓதிவிட்டார்கள். இன்ஜினுக்கு மூச்சு போகும் வழியில், டப்பாவுக்குள் ஒரு காகித ஃபில்டர் இருக்கும். அதை எடுத்துவிட்டு, அதே டப்பாவில் கழுவிப் போடக்கூடிய பருத்தி ஃபில்டரைப் போடலாம். காற்று கொஞ்சம் தாராளமாகப் போகும். இல்லையென்றால் டப்பாவையே கழற்றிவிட்டு, நீளமான குழாயைக் கீழே இறக்கி, முன் பம்பருக்குப் பின்னால் ஃபில்டரைத் தொங்கவிடலாம். சூடில்லாத காற்று கிடைக்கும். அதுதான் இன்டேக். பளபளவென்று சிவப்புக் குழாய். கூரியரின் மனசு அந்தச் சிவப்பில் விழுந்து கிடந்தது.

"உன் வண்டில டப்பாவோட வாய் எங்க இருக்குன்னு தெரியணும். படத்துல தெரியல" என்று அவள் அடித்தாள்.

"அப்ப நேர்ல வா. ஒரே ஊர்லதான இருக்கோம்? நீ என்ன தேடப்படுற குற்றவாளியா?"

வழக்கம்போல நழுவியிருக்கலாம். ஆனால் அவள் மேஜையில் போன மழைக்கு வந்த கோப்புகள் பதினொன்று இருந்தன. பதினொன்றும் தண்ணீர் குடித்த இன்ஜின்கள். அதில் ஏழு, இதே குழாய் மாட்டியவை. தேங்கிய தண்ணீரில் வண்டி இறங்கும், கீழே தொங்கும் ஃபில்டர் காற்றுக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சும், உள்ளே இரும்புத் தண்டு கரண்டிக் காம்பு மாதிரி வளைந்துவிடும். நிறுவனத்துக்குச் சொல்லாமல் வண்டியில் மாற்றம் செய்தீர்கள் என்று நிராகரிப்புக் கடிதம் எழுதியவளும் அவளே. கூரியர் தினமும் போகும் சுரங்கப்பாதை நாலு தூறலுக்கே நிரம்பும் என்று அவனே புலம்பியிருக்கிறான். அந்த காரை விட்டால் அவனுக்குப் பிழைப்பு இல்லை.

போனால் மச்சான் போய்விடுவான் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். "வர்றேன்" என்று அடித்தாள்.

சனிக்கிழமை போனாள். கடை, தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற கூரியர், பதிவுகளில் கேட்ட குரலைவிட ஒல்லியாக இருந்தான்.

"யாரும்மா வேணும்?"

"ஸ்பேனர்..." என்று தொடங்கினாள்.

கூரியர் துள்ளி வந்தான். "ஸ்பேனர் அனுப்பிச்சானா? நீங்க தங்கச்சியா?"

"இல்ல."

"அப்ப அண்ணி! கல்யாணம் ஆனதைக்கூட சொல்லல பாருங்க, அமுக்குணி. எங்க, வண்டிய நிறுத்திட்டு வர்றானா?"

அவன் அவள் தோளைத் தாண்டி வாசலைப் பார்த்தான். யாராவது வந்தால் தேவலை என்பதுபோல அவளும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் ஸ்பேனர்."

கடைக்காரர் சிரித்தார். கூரியர் சிரிக்கவில்லை. போனை எடுத்து எதையோ அடித்தான். அவள் கையில் இருந்த போன் அதிர்ந்தது. 'எங்கடா இருக்க?' திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். பதினைந்து வயதுப் பையன் தப்புச் செய்து மாட்டிக்கொண்டதுபோல அவன் முகம் சிவந்தது. மாட்டிக்கொண்டது அவளா அவனா என்றே தெரியவில்லை.

அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். "பானெட்டைத் திறங்க."

டப்பாவின் வாய் எங்கே போகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போனாள். ஹெட்லைட்டுக்குப் பின்னால், வெளியே பார்த்துத் திறந்திருந்தது. "இது ஏற்கெனவே வெளிக்காத்தைத்தான் எடுக்குது. குழாய் போட்டு புதுசா என்ன கிடைக்கப்போகுது?"

"மேடம் புத்தகத்துல படிச்சிருப்பாங்க" என்றார் கடைக்காரர், கூரியரைப் பார்த்து. "நாம கையால படிச்சவங்க."

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, தரையில் மல்லாந்து படுத்து, போன் வெளிச்சத்தைப் பம்பருக்குப் பின்னால் அடித்தாள். "கையால படிச்சவரு கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. இது என்ன கோடு?"

கடைக்காரர் குனிந்தார். கூரியரும் குனிந்தான். உள்பக்கப் பிளாஸ்டிக்கில் ஒரே மட்டமாக ஒரு பழுப்புக் கோடு ஓடியது.

"சேறு" என்றான் கூரியர்.

"போன மழைக்குத் தண்ணி இதுவரைக்கும் வந்திருக்கு. இப்ப அந்தக் குழாயப் பிடிச்சுக் காட்டுங்க."

கடைக்காரர் வேண்டாவெறுப்பாகப் பிடித்துக் காட்டினார். ஃபில்டரின் அடி, கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது.

"மழைக்கு உறை ஒண்ணு குடுப்போம்மா."

"அது தெறிக்கிற தண்ணிக்கு. முங்குற தண்ணிக்கு இல்ல."

கூரியர் கையை விட்டு, அந்த நாலு விரலைத் தானே அளந்து பார்த்தான். பிறகு, "ஃபில்டரே போடுங்கண்ணே. மேடம் சொல்றது சரிதான்" என்றான்.

ஜெயித்தாள். மூன்று வாரம் எழுதிப் புரியாதது மூன்று நிமிடத்தில் புரிந்தது. அந்த 'மேடம்' இல்லாமல் புரிந்திருக்கலாம்.

கடைக்காரர் டப்பாவின் கிளிப்புகளைக் கழற்றும்போது இருவரும் வெளியே வந்து நின்றார்கள். அவன் இரண்டடி தள்ளி நின்றான். குழுவில் தோளில் கை போடாத குறையாகப் பேசுகிறவன்.

"சொல்லியிருக்கலாமே நீங்க" என்றான் தரையைப் பார்த்து.

"முதல் நாளே சொல்லியிருந்தா, நான் சொன்ன பிரேக்கை நீ மாத்தியிருப்பியா? உண்மையச் சொல்லு."

அவன் யோசித்தான். பொய் சொல்ல வராது அவனுக்கு. "வேற யாரையாவது ஒருவாட்டி கேட்டிருப்பேன்."

"அதான்."

"ஆனா வண்டி மட்டுமா பேசினோம்? வீட்டு விஷயம், அழுதது... எல்லாம் ஆம்பளைன்னு நினைச்சுக் கொட்டினது. எம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பா? எனக்கே கூசுதுங்க."

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. உன் அழுகையை யாரிடமாவது சொன்னேனா, அதை வைத்து என்ன செய்துவிட்டேன் என்று கத்தத் தோன்றியது. ஆனால் சிரிக்கிற அந்தப் பொம்மை நினைவுக்கு வந்து வாயை அடைத்தது. "தப்புதான்" என்றாள். தப்பு அவளுடையது மட்டும் இல்லை என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அது வீட்டுக்குப் போனபிறகுதான் தோன்றும், எப்போதும்போல.

வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. "விட்டுடறேன், வாங்க" என்றான் கூரியர். முன் இருக்கையில் அவன் பை இருந்தது. அதை நகர்த்தாமல், மரியாதையாகப் பின்கதவைத் திறந்துவிட்டான்.

ஏறாமல் இருந்திருக்கலாம். ஏறினாள்.

பின்னாலிருந்து பார்க்க அவன் பிடரியும், முடிவெட்டிய இடத்தில் விட்டுப்போன ஒரு கொத்து முடியும் தெரிந்தன. மச்சானாக இருந்தால் சொல்லிக் கிண்டலடித்திருப்பாள். அவன் கண்ணாடிப் பாத்திரம் ஏற்றியவன்போல முப்பதைத் தாண்டாமல் ஓட்டினான். பருத்தி ஃபில்டர் போட்ட இன்ஜின், ஆக்சிலேட்டரை அழுத்தினால் அடித்தொண்டையில் லேசாக உறுமும். எல்லாருக்கும் கேட்காது. மிதித்தால்தான் கேட்கும். அவன் மிதிக்கவே இல்லை. ஒரு வயதான அத்தையை மருத்துவரிடம் கூட்டிப்போகும் வேகம்.

மிதிச்சுப் பாரேன்டா என்று நாக்கு நுனிவரை வந்தது.

"இங்கயே நிறுத்திடுங்க" என்றாள்.

நிறுத்திடுங்க. அவள் வாயும் மாறிவிட்டிருந்தது.

"வீடு இங்கதானா?"

"பக்கம்தான்." இல்லை. இன்னும் நாலு பஸ் நிறுத்தம் இருந்தது.

"சரிங்க. ரொம்ப நன்றிங்க" என்றான். அவள் கதவைச் சாத்தி நடைபாதைக்கு ஏறும்வரை காத்திருந்து, பிறகுதான் வண்டியை எடுத்தான். சிக்னல் வரை மெதுவாகப் போனான். பச்சை விழுந்தது. முன்னால் சாலை காலியாகக் கிடந்தது. அவள் பார்க்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்காது.

மிதித்தான்.

பஸ் சத்தத்துக்கும் ஹார்ன் சத்தத்துக்கும் நடுவே அவளுக்கு மட்டும் கேட்டது, இன்ஜின் மூச்சை இழுத்து உறுமிய அந்தச் சின்னச் சத்தம். திணறல் இல்லை, ஒரு இடறல்கூட இல்லை. சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்று பட்டது. யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும்போல இருந்தது, போனைக்கூட எடுத்துவிட்டாள். சொல்லக்கூடிய ஒரே ஆள் சிக்னலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.